நாற்பத்தொரு மீற்றரில் நான் காலமானேன்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று வாசிக்கிறவர்கள் கேட்கலாம். ஒன்றும் இல்லை. சாதாரண தரம் வரை படித்தேன். ஆரையம்பதியில் வீட்டு முன்விறாந்தையில் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மின்விசிறி, ரி.வி., சோறு அவிக்கிற குக்கர், எது வந்தாலும் திறந்து பார்ப்பேன். என் எழுத்து வேலை எல்லாம் அந்தச் சாமான்களில் சொந்தக்காரரின் பெயரை எழுதி ஒட்டுவதோடு முடிந்துவிடும். அதை மீறி இங்கே எழுத வந்ததற்கு மன்னிக்கவேண்டும். இதற்கு முன்பு நான் ஒழுங்காக எழுதியது ஒரே ஒரு பந்தி. அது என்னுடைய மரண அறிவித்தல். கேட்டவர்கள் ஒருவரும் அதில் பிழை சொல்லவில்லை. அந்தத் துணிவில்தான் இதையும் தொடங்குகிறேன்.

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. கடைக்கு வருகிறவர் என்ன பழுது என்று கேட்டால் அவருடைய முகத்தைப் பார்க்கமாட்டேன், கொண்டுவந்த சாமானைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். (மின்விசிறிக்குத்தான் நான் ஏதோ புத்தி சொல்கிறேன் என்று நினைத்து, குறுக்கே பேசாமல் மரியாதையாக நின்றவர்கள் இருக்கிறார்கள்.)

இப்படிப்பட்டவனுக்கு ஒலிபரப்பும் ஆசை எங்கிருந்து வந்தது என்று மனைவி சாந்தினி இன்றும் கேட்பாள். மைக்குக்கு முகம் கிடையாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணம் எனக்கும் தெரியாது. வீட்டின் பின்னால் உள்ள தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் நாலு மாதம் இருந்து ஒரு சின்னச் சிற்றலை ஒலிபரப்பியைச் செய்தேன். பழைய கம்பியூட்டர் பலகை ஒன்றிலிருந்து கழற்றிய கிறிஸ்டல், கழித்துப்போட்ட ரேடியோக்களில் இருந்து எடுத்த ட்ரான்சிஸ்டர்கள், கையால் சுற்றிய செம்புச் சுருள்கள், மைக்குக்கு ஒரு குட்டி அம்பிளிபயர். எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கின. அதன் வலு ஒரு டோர்ச் பல்பை எரிக்கக் காணும், அவ்வளவுதான். உண்மையாகவே பல்பை எரித்துத்தான் சோதித்தேன். ஏரியல் பூட்டுகிற இடத்தில் பல்பைக் கொழுவினால் மங்கலாக எரியும். மைக்கில் பேசினால் பேச்சுக்கு ஏற்றபடி வெளிச்சம் கூடும். என் பேச்சைக் கேட்டு ஒன்று பிரகாசமானது அதுதான் முதல் தடவை.

(இப்படி ஒன்றைக் காற்றில் விடுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். என்னிடம் இருக்கவில்லை. என்னைப் பார்த்து ஒருவரும் பழகவேண்டாம்.)

ஏரியல் அறுபத்தைந்து அடி செம்புக் கம்பி. கொட்டிலுக்குப் பக்கத்து முருங்கையில் தொடங்கி, வளவைத் தாண்டி, வாசல் படலையோரத் தென்னையில் முடிந்தது. சாந்தினிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் யுத்த காலத்தில் வீட்டில் நாலு முழம் வயர் கிடந்தாலே பதில் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

"ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"உடுப்புக் காயப்போடுற கொடி எண்டு சொல்லு."

"தென்னை மரத்து உச்சியிலயா உடுப்புக் காயப்போடுற?"



அலை எங்கே விழுகிறது என்று என் ரேடியோவில் தேடினேன். நாற்பத்தொரு மீற்றரில் எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் விழுந்தது. முன்பு வெளிநாட்டுத் தமிழ்ச் சேவை ஒன்று அங்கேதான் வரும். என் அத்தானுக்கு, அதாவது அக்காவின் புருசனுக்கு, அது இல்லாமல் சோறு இறங்காது. அந்தச் சேவையை மூடி நாலு வருசமாகிவிட்டது. அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான். வெறும் இடத்தில் யார் காது வைத்துக்கொண்டு இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் பூமணி. எங்கள் வழக்கப்படி தாய் வீடு பெண்பிள்ளைக்கு. ஆகவே உன்னிச்சையில் நாங்கள் பிறந்த வீடு அக்காவுக்குப் போனது. நான் சாந்தினியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஆரையம்பதிக்கு வந்தேன். அக்கா என்னை விட ஒன்பது வயது மூப்பு. கதைத்தால் ஒரு வயல் வட்டையில் நின்று அடுத்த வட்டைக்குக் கேட்கும். நான் கதைக்காத கதையையும் சேர்த்து அவதான் கதைத்தா என்று அம்மா சொல்வா.

அந்த மாசி மாதம் என் மகள் கஜானிக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று கிழமை இருந்தது. சொந்த அக்காவை வெற்றிலைத் தட்டோடு வீட்டுக்குப் போய் அழைக்கவேண்டும். நான் மூன்று தடவை புறப்பட்டேன். முதல் தடவை பஸ் நெருக்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை பாதி வழியில், அக்கா என்ன கேட்பா, நான் என்ன சொல்வேன் என்று யோசித்து இறங்கிவிட்டேன். மூன்றாம் தடவை அக்காவின் படலை வரை போனேன். உள்ளே அவ யாரையோ ஏசிக்கொண்டிருந்தா. இது நல்ல நேரம் இல்லை என்று கிறுகித் திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் கலியாணக் கார்டைப் படம் எடுத்துப் போனில் அனுப்பினேன்.

பதில் அன்று பின்னேரமே குரலாக வந்தது. "தம்பி, படம் கிடைச்சிது. நானும் என்ட படத்தை அனுப்புறன். அதைக் கதிரையில வைச்சு, முன்னால வாழையிலை போட்டுச் சோறு வை. சரியா?"

அதோடு அக்கா கலியாணத்துக்கு வரமாட்டா என்று ஊரெல்லாம் கதை. கஜானி அழுதாள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டிவரவேண்டியது மாமி, அதாவது என் அக்கா. அவளைத் தூக்கி வளர்த்ததும் அந்த மாமிதான்.

"மாமி வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன் அப்பா," என்றாள். அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை காலை சாந்தினி புது வெற்றிலை வாங்கி, தட்டில் அடுக்கி, ஈரத்துணியால் மூடி, வீட்டு மண்டபத்து மேசையில் வைத்தாள். "நானும் புள்ளையும் காத்தான்குடிக்குச் சீலை எடுக்கப் போறம். நீங்க பத்து மணி பஸ்ஸில உன்னிச்சைக்குப் போறீங்க. கடையைத் திறக்க வேணாம். திரும்பி வந்து அக்காட்டச் சொல்லிட்டன் எண்டு எனக்குச் சொல்லணும்," என்றாள்.

நான் ஓம் என்றேன். அவர்கள் போனதும் மணியைப் பார்த்தேன். எட்டரை. அக்காவிடம் சொல்லப்போவதை ஒருமுறை மைக்கில் பழகிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. கொட்டிலுக்குப் போனேன். போன் பக்கத்தில் இருந்தால் மைக்கில் ஒரு கரகரப்பு ஏறும், அதனால் அதை நிறுத்தினேன். ஏரியலைப் பூட்டினேன். என் ரேடியோவில் ஹெட்போனைக் கொழுவிக் காதில் மாட்டிக்கொண்டு, "அக்கா" என்று தொடங்கினேன்.

அதற்கு மேல் வரவில்லை. வெறும் காற்றிலும் அக்கா அக்காதான்.

ஏதாவது எழுதி வைத்து வாசித்தால் வாய் பழகும் என்று நினைத்தேன். ரேடியோவில் வாசிக்கிற விதமாக எனக்குப் பாடமாக இருந்தது ஒன்றுதான். எங்கள் நாட்டில் ரேடியோ கேட்டு வளர்ந்த எவருக்கும் அது பாடம். மரண அறிவித்தல். ஆனால் யாருடைய பெயரைப் போடுவது? அடுத்தவரைச் சாகடிக்க எனக்கு என்ன உரிமை? என் பெயரைப் போட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. மிஞ்சிய கலியாணக் கார்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"உன்னிச்சையைப் பிறப்பிடமாகவும் ஆரையம்பதியை வசிப்பிடமாகவும் கொண்ட திரு. கந்தப்போடி மகேந்திரன் அவர்கள் இன்று காலமானார். அன்னார் காலஞ்சென்ற கந்தப்போடி, தங்கம்மா தம்பதிகளின் அன்பு மகனும், சாந்தினியின் பாசமிகு கணவரும், கஜானியின் அருமைத் தந்தையும், பூமணியின் அன்புச் சகோதரரும் ஆவார். அன்னாரின் பூதவுடல் இன்று பிற்பகல் நான்கு மணிக்கு ஆரையம்பதி இந்து மயானத்தில் நல்லடக்கம் செய்யப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

(பூமணியின் சகோதரருக்கு 'அன்பு' போடலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். அப்போதிருந்த நிலைமையில் அது உண்மையா என்று தெரியவில்லை. வாசிக்கும்போது ஓசைக்குத் தேவைப்பட்டது, போட்டேன்.)

அது சரளமாக வந்தது. குரலை அடியில் இறக்கி, அறிவிப்பாளர்களைப் போல, துக்கம் இருக்கிறது ஆனால் தனக்கு ஒன்றும் இல்லை என்ற தொனியில் வாசித்தேன். ஹெட்போனில் கேட்க எனக்கே என்னைத் தெரியவில்லை. பிடித்துப்போய் ஏழு தடவை வாசித்தேன். நாலாவது தடவையில் இருந்து "மீண்டும் அறியத்தருகிறோம்" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டேன். பத்து மணி பஸ் போய்விட்டது.

நான் ஒன்றை மறந்திருந்தேன். அத்தானின் ரேடியோவைக் கடைசியாகப் பழுது பார்த்தது நான்தான். நிலையம் காட்டும் முள்ளை இழுக்கிற நூல் அறுந்துவிட்டது, புது நூல் கிடைக்கவில்லை. எப்படியும் அவர் ஒரே சேவையைத்தானே கேட்கிறார் என்று முள்ளை அந்த இடத்தில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டேன். சேவை மூடியதும் அத்தான் அந்த ரேடியோவை எறியவில்லை. வட்டைக்குக் கொண்டுபோய்க் காவல் பரணில் கட்டி, மோட்டார் சைக்கிள் பற்றரியில் பூட்டி, சத்தத்தைக் கூட்டி விட்டுவிட்டார். வெள்ளாமை பால் பிடிக்கிற காலத்தில் கிளி விழும். அந்த இரைச்சலுக்குக் கிளி வராது. நாலு வருசமாக வெறும் இரைச்சலோடு கிளி கலைத்த ரேடியோ, அன்று காலை திடீரென்று தமிழில் பேசியது.

"முதல்ல சந்தோசப்பட்டன் மச்சான்," என்று அத்தான் பிறகு சொன்னார். "சேவை திரும்ப வந்திட்டுது எண்டு நினைச்சன். மறுகாதான் பேரைக் கேட்டன். பிழையாக் கேட்டிருப்பனோ எண்டு நிண்டன். திரும்பவும் சொன்னாங்க. அதுக்குப் பிறகும் சொன்னாங்க. ரேடியோக்காரன் அத்தனை தரம் பொய் சொல்லுவானா?"

அத்தான் வட்டையிலிருந்து அக்காவுக்கு அடித்துச் சொன்னார். என் போனுக்கு அடித்துப் பார்த்தார்கள், அது நிறுத்திக் கிடந்தது; சீலைக்கடைச் சத்தத்தில் சாந்தினிக்கு அவளுடைய போன் கேட்கவில்லை. அக்கா கட்டியிருந்த சீலையோடு ஓட்டோவில் ஏறினா. கிளிக்கு வயலை விட்டுவிட்டு வரமுடியாமல் நின்ற அத்தான், ஆரையம்பதியில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆளுக்கு அடித்தார். அது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் புண்ணியமூர்த்தி அண்ணன், செத்த வீட்டு வேலைகளைப் பார்க்கும் மரணாதார சங்கத்தின் செயலாளர்.

அவர் செத்த வீடு என்று வந்தால் யோசித்து நிற்கிற ஆள் இல்லை. வந்து பார்த்தார். கடை பூட்டிக் கிடக்கிறது, வீடு திறந்து கிடக்கிறது, கூப்பிட்டால் ஆள் இல்லை. (நான் ஹெட்போனோடு என்னை ரசித்துக்கொண்டிருந்தேன்.) எல்லாரும் ஆஸ்பத்திரியில், பிரேதம் வருவதற்கு முன் வேலையை முடிப்போம் என்று முடிவெடுத்துவிட்டார்.

எட்டாவது தடவை வாசிக்கும்போது ஹெட்போனில் என் குரல் மங்கியது. ஏரியலில் ஏதோ பாரம் விழுந்திருக்கிறது என்று விளங்கியது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கிடுகு இடுக்கால் பார்த்தேன். என் கம்பி தொய்ந்து நின்றது. அதில் வரிசையாக வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வளவில் கதிரை இறங்கிக்கொண்டிருந்தது. படலையில் வெள்ளைக்கொடி.

அந்த ஒரு நிமிசத்தை மட்டும் என்னால் பகிடியாக எழுதமுடியவில்லை. வீட்டில் இருந்து காலையில் வெளியே போனவர்கள் இரண்டு பேர். காத்தான்குடி வீதியில் பஸ்கள் ஓடுகிற ஓட்டம் எனக்குத் தெரியும். கொட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வேலிப்பக்கம் இரண்டு பேர் கதைத்தது கேட்டது.

"எப்படியாம்?"

"கரண்ட் அடிச்சிருக்கும். எந்த நேரமும் வயருக்குள்ளதானே கிடந்தவன்."

"நல்ல மனிசன் மகேந்திரன். ஒருத்தரோடயும் ஒரு கதை இல்ல."

"கதை இல்லத்தான். என்ட மின்விசிறி அவனிட்டக் கிடக்கு. மறுகா ஆரிட்டக் கேக்கிற?"

செத்தது நான்தான் என்று தெரிந்ததும் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அங்கேயே குந்திவிட்டேன். ஆறுதல் அடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. வெளியே நாற்பது ஐம்பது பேர். எனக்கு இரண்டு பேர் நிற்கிற இடத்துக்கே போக வராது. போய் என்ன சொல்வது? நான் சாகவில்லை என்றா? அதை எந்தக் குரலில் சொல்வது? ஒருமுறை இருமிப் பார்த்தேன். "அவன்ட நாய் போல, பாவம், அதுக்கும் தெரிஞ்சிருக்கு," என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் நாய் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு போகலாம் என்று இருந்தேன். நல்லடக்கம் நாலு மணிக்கு என்று நானே அறிவித்திருக்கிறேன், அதுவரை கலையாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பதினொன்றரைக்கு ஓட்டோ வந்தது. நிற்பதற்கு முன்பே அக்காவின் சத்தம் வந்துவிட்டது.

"என்ட தம்பீ. ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டியேடா. படலை வரைக்கும் வந்து கிறுகிப் போனவனே, நான் பாத்துக்கொண்டுதானே நிண்டன். இப்ப வருவான், இப்ப வருவான் எண்டு அடுத்த வீட்டுக் கோழியை ஏசிக்கொண்டு நிண்டனே. கலியாணத்துக்குக் கட்டிற சீலையும் எடுத்து வைச்சிட்டன், சட்டையும் தைச்சு வைச்சிட்டன். வெத்திலையோட வந்து வாசல்ல நிண்டாக் காணும் எண்டிருந்தன். கதைக்க வராட்டி வெத்திலையை நீட்டியிருக்கலாமேடா."

நான் நின்றிருந்தது பத்தடி தூரத்தில். இடையில் கிடுகு மட்டும். அக்கா என்னைப் படலையில் கண்டிருக்கிறா. அக்கா வருவதாகத்தான் இருந்திருக்கிறா. கஜானியின் முகம் நினைவுக்கு வந்தது. இதை விட்டால் பிறகு நான் உயிரோடு இருந்தும் பயன் இல்லை என்று நினைத்தேன். கொட்டில் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

சாரனும் கழுத்தில் ஹெட்போனுமாக நான் வளவில் நடந்தபோது கதிரைகள் பின்னால் நகர்ந்தன. அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. சொல்லவேண்டியதை எல்லாம் காலையிலிருந்து மைக்கில் பழகியவன் நான். (பழகியது வேறு பாடம்.) ஒரு சொல்லும் வரவில்லை. கதைக்க வராட்டி வெற்றிலையை நீட்டு என்று அவதானே சொன்னா. பக்கத்துக் கதிரையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. சாந்தினி அடுக்கிய அதே தட்டு. எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அக்கா, கலியாணத்துக்கு வாங்க," என்றேன்.

அக்கா தட்டைப் பார்த்தா. புண்ணியமூர்த்தி அண்ணன் அதை மண்டபத்திலிருந்து எடுத்துவந்து, வந்தவர்களுக்கு வைத்திருக்கிறார். பாதி முடிந்துவிட்டது. காம்பு கிள்ளிப் போட்டிருந்தது. ஓரத்தில் ஒரு சுருட்டும் கிடந்தது.

"செத்த வீட்டு வெத்திலையை நீட்டியா என்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடுறாய்?" என்று கேட்டா. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினா. "எல்லாரும் கேளுங்க. மகள்ட கலியாணத்தை இவன் போனில சொன்னான். தன்ட சாவை ரேடியோவில சொன்னான். நேரில வந்து சொல்ல மட்டும் இவனுக்கு வாய் இல்ல." அதற்குப் பிறகு என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கிய கை என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அந்த நேரம்தான் சாந்தினியும் கஜானியும் சீலைப் பார்சல்களோடு படலைக்கு வந்தார்கள். வெள்ளைக்கொடியைக் கண்டு சாந்தினி அப்படியே நின்றுவிட்டாள். "ஆருக்கு?" என்று கேட்டாள்.

"உங்கட மனிசனுக்குத்தான் புள்ள," என்றார் புண்ணியமூர்த்தி அண்ணன். "இப்ப பரவாயில்ல."

எல்லாவற்றையும் நான் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றுதான். வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். மின்விசிறிக்காரர் மட்டும் நின்று மின்விசிறியை வாங்கிக்கொண்டு போனார். திருத்தி முடிக்கவில்லை என்று சொன்னேன், பரவாயில்லை என்றார். ஓட்டோவில் ஏறும்போது அக்கா, "நாளைக்கு வீட்ட வா. புது வெத்திலையோட வா. வாயைத் திறந்து சொல்லு. மறுகாப் பாப்பம்," என்றா. கஜானி என்னைப் பார்த்தாள்.

புண்ணியமூர்த்தி அண்ணன் சங்கத்துக் கொப்பியில் என் பெயரை எழுதிப் பிறகு வெட்டியிருக்கிறார். இன்றும் கூட்டத்தில் என்னைக் கூப்பிடும்போது "காலஞ்சென்ற மகேந்திரன்" என்றுதான் கூப்பிடுவார். கஜானியின் மகனுக்கு இப்போது நாலு வயது. முன்பள்ளியில் வீட்டு ஆட்களின் பெயரைக் கேட்டபோது, அவனும் 'காலஞ்சென்ற' சேர்த்துத்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். மறுநாள் அவனைக் கூட்டிப்போன என்னைக் கண்டு ரீச்சர் கொஞ்சம் தடுமாறினா.

அந்த ஒலிபரப்பியை அன்று பின்னேரமே கழற்றினேன். கம்பியில் இப்போது உடுப்புத்தான் காய்கிறது.

நான் காலமானதற்கு அடுத்த நாள் காலை ஏழு மணி பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போனேன். அக்கா வாசலில் நின்றா. தட்டை நீட்டி, கலியாணத்துக்கு வாங்க என்று வாயைத் திறந்து சொன்னேன். வாறன் என்று சொல்லி வெற்றிலையை எடுத்தா. தேநீர் தந்தா. அத்தான் பரணிலிருந்து ரேடியோவை அவிழ்த்துக்கொண்டு வந்து, "மச்சான், நேத்துப் பதினொரு மணியிலிருந்து ஒண்டும் சொல்லுதில்ல, பாத்துத் தா," என்று என் மடியில் வைத்தார். திறந்து பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.